புறம்போக்குன்னா திட்டுற வார்த்தை இல்லீங்க



போன மாசம் சென்னையில எங்க அண்ணன் மகன் வீட்டுல ஒரு வாரம் தங்கியிருந்தேன். ஒருநாள் காலையில அவன் பையனையும் கூட்டிக்கிட்டு பால் வாங்கப் போனேன். வண்டி நிறுத்துற இடத்துக்காக ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்து "போடா புறம்போக்கு"ன்னு கத்தினார். பையன் ஆறாவது படிக்கிறான். வீடு வர்ற வரைக்கும் சும்மா வந்தவன் மாடிப்படி ஏறும்போது கேட்டான்: "சின்னத்தாத்தா, புறம்போக்குன்னா கெட்ட வார்த்தையா?"

"நம்ம ஊர் ஊரணியில லீவுக்கு வந்து குதிச்சு குதிச்சுக் குளிச்சியே, அதுதான்டா புறம்போக்கு"ன்னேன். அவனுக்குப் புரியல. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவா உங்களுக்கும் எழுதலாம்னு உட்கார்ந்தேன். நான் பன்னெண்டாவதோட நின்னவன். சரித்திரம் படிச்ச வாத்தியார் இல்ல. ஆனா இந்த விஷயத்துல எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கு. அது கடைசியில வரும்.

புறம்போக்குன்னா வரிக்கணக்குக்குப் புறத்தே போக்கின நிலம். யார் பேர்லயும் பட்டா கிடையாது, தீர்வை கிடையாது. கண்மாய், ஊரணி, வரத்துவாரி, வண்டிப்பாதை, மந்தை, மாடு மேயுற மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு எல்லாம் அதுல வரும். தனியாளுக்கு ஆகாது, ஊருக்கு வேணும்னு விட்டு வச்ச இடம். பட்டணத்துல பார்க், விளையாட்டு மைதானம்னு சொல்றீங்களே, அதோட தாத்தன் இதுதான். எப்போ அந்தப் பேரே வசவாச்சோ, அப்பவே நாம அந்த இடத்தையும் கைவிட்டுட்டோம்னு நினைக்கிறேன்.

சீட்டு எடுத்த சிறுவன்

பொது இடத்தைப் பார்த்துக்கிறதுக்குன்னு நம்ம நாட்டுல ஆளுங்களைத் தேர்ந்தெடுத்த கதைன்னா எல்லாரும் உத்திரமேரூர் கல்வெட்டைத்தான் சொல்வாங்க. நானும் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921 வருஷத்து எழுத்து. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதி, குடத்துல போட்டுக் குலுக்கி எடுத்திருக்காங்க. அப்படி வந்தவங்கள்ல 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரிக்குன்னே தனியா ஒரு வாரியம் இருந்திருக்குன்னு பாருங்க. பதவி ஒரு வருஷம்தான். கணக்குக் காட்டாம போனவன் மட்டும் இல்ல, அவனோட நெருங்கின சொந்தக்காரனும் மறுபடி நிக்க முடியாது. இன்னைக்கு இருக்கிற பஞ்சாயத்துத் தேர்தல்ல இந்த ஒரு விதியை மட்டும் கொண்டுவந்தா பாதி ஊர்ல வேட்பாளரே கிடைக்க மாட்டாங்க.

ஆனா அதே கல்வெட்டுல இன்னொன்னும் இருக்கு. மேடையில பேசுறவங்க அதை அவ்வளவா சொல்றதில்ல. கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலமும், சொந்த மனையில வீடும் இருக்கணும். வேதம் படிச்சிருக்கணும். வயசு 35க்கு மேல, 70க்குக் கீழ இருக்கணும். நிலம் இல்லாதவனுக்கு இடமில்ல, பொம்பளைக்கு இடமில்ல, வேத்து சாதிக்கு இடமில்ல, இளவட்டத்துக்கும் இடமில்ல. அந்தச் சபையில சின்ன வயசுக்காரனுக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. குடத்துக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாத ஒரு சிறுவனை விட்டுத்தான் ஓலையை எடுக்கச் சொன்னாங்க. தெரியாதுங்கிறதுதான் அவனுக்குத் தகுதி.

எங்க புதுக்கோட்டைச் சீமைக்கு வாங்க. மழையை நம்பின வறண்ட பூமி. பெரிய ஆறு கிடையாது. அதனால திரும்பின பக்கமெல்லாம் கண்மாய், ஏந்தல், குளம், ஊரணி. பழைய கண்மாய்கள்ல உள்வாய்க்குள்ள ரெண்டு கல்தூண் நிமிர்ந்து நிக்கிறதைப் பார்க்கலாம். குமிழின்னு சொல்வோம். தண்ணியோட சேறையும் வெளியேத்துற மாதிரி கட்டின மடை அது. சில தூண்ல அதைச் செஞ்சு கொடுத்தவர் பேரை எழுத்தா வெட்டியிருக்கும். மாடு மேய்க்கிற பயலுக அதுல முதுகு சொறிஞ்சுக்குவாங்க. நானும் சொறிஞ்சிருக்கேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒருத்தர் ஊருக்காகச் செஞ்ச காரியத்துல சாஞ்சுக்கிட்டு இருக்கோம்னு அப்ப எனக்கு யாரும் சொல்லல.

கூடை தூக்கினது யாரு?

அடுத்தது குடிமராமத்து. குடிகளே சேர்ந்து செய்யுற மராமத்து. கோடையில கண்மாய் வத்தினதும் வீட்டுக்கு இத்தனை ஆள்னு கணக்குப் போட்டு வந்து வண்டல் வெட்டி வயலுக்கு அடிப்பாங்க, கரையை உசத்துவாங்க, வாரியைச் சுத்தம் பண்ணுவாங்க. பெரிய செலவுக்கு ஏரிப்பட்டின்னு மானிய நிலம் விட்டிருப்பாங்க. அந்த நிலத்து விளைச்சல்லேர்ந்து ஏரி பராமரிப்பு நடக்கும். இது ஒரு வகையில பாடசாலை மாதிரி. பத்து வயசுப் பையன் அப்பனோட போவான். எந்த மடை எந்த வயலுக்கு, தண்ணி மிஞ்சினா எந்தக் கலிங்கு வழியா அடுத்த கண்மாய்க்குப் போகும்னு கால்ல மிதிச்சே தெரிஞ்சுக்குவான்.

வெள்ளைக்காரன் வந்தப்புறம் தீர்வை பெருசாச்சு, ஊர்க்காரியத்துக்குன்னு ஒதுக்கின வருமானம் சர்க்கார் கைக்குப் போச்சு. கண்மாய் பாழாக ஆரம்பிச்சது. அப்புறம்தான் ஐயோன்னு முழிச்சுக்கிட்டு 1858இல் ஒரு சட்டம் போட்டாங்க. பேரே சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். வழக்கப்படி மராமத்துக்கு வரவேண்டியவன் வராட்டி அவன்கிட்ட பணமா வசூலிக்கலாம்னு அதுல இடம் இருந்துச்சு. எங்க ஊர் அப்ப சமஸ்தானத்துல இருந்ததால அந்தச் சட்டம் நேரா எங்களுக்கு வரல. 1948 மார்ச் 3ஆம் தேதிதான் புதுக்கோட்டை இந்தியாவோட சேர்ந்தது. ஆனா கதை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

குடிமராமத்தைப் பத்தி எழுதுறவங்க 'அந்தக் காலத்துல ஊரே ஒத்துமையா நின்னுச்சு'ன்னு உருகுவாங்க. நானும் முன்னாடி இங்க அப்படி எழுதியிருக்கேன். இப்ப கொஞ்சம் திருத்திக்கணும். நிலம் இருக்கிறவன் வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பணும்னா, அனுப்புற ஆள் பெரும்பாலும் அவனில்ல. அவன் வயல்ல வேலை செய்யுற பண்ணையாள். கூடை தூக்கினவனுக்குக் கண்மாய்ப் பாசனத்துல ஒரு குழி நிலம் இருக்காது. ராத்திரி கொட்டுற மழையில மடை திறக்க ஓடினவங்களும் பல ஊர்ல அதே தெருக்காரங்கதான். ஆனா மந்தையில உட்கார்ந்து முறைத்தண்ணி பேசுறப்ப அவங்களுக்கு உட்கார இடம் கிடையாது. தள்ளி நிக்கணும்.

சென்னை மாகாணத்துல இதைச் சட்டசபையிலயே கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுத்தெரு, பொதுக்கிணறு, குளம், பொது இடம் எதுலயும் எந்த வகுப்பாருக்கும் தடை இருக்கக்கூடாதுன்னு அவர் கொண்டுவந்த தீர்மானம் 1924இல் நிறைவேறிச்சு. யோசிச்சுப் பாருங்க, தெருவுல நடக்கிறதுக்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டிருக்கு. தீர்மானம் போட்டு அம்பது வருஷம் கழிச்சு, 1970கள்ல, நான் அரை டிராயர் போட்ட வயசுல எங்க ஊரணியில பார்த்ததைச் சொல்றேன். அதுதான் குடிதண்ணி ஊரணி. மேலத்தெருப் பக்கம் மட்டும் கல்படி. கீழத்தெருப் பொம்பளைங்க குடத்தோட கரைக்கு வெளிய நிப்பாங்க. எங்க அம்மா மாதிரி யாராவது மனசு வந்து மொண்டு ஊத்தினா உண்டு. அம்மா ஊத்துவாங்க. ஊத்திட்டு வீட்டுக்கு வந்து பெருமையா ஒண்ணும் சொல்லிக்க மாட்டாங்க. நானும் பக்கத்துல நின்னிருக்கேன். எனக்கு அப்ப அது தப்பாவே தெரியல. கிழக்கே சூரியன் உதிக்குற மாதிரி அதுவும் ஒரு இயற்கைன்னு நினைச்சேன்.

வெள்ளையடிச்ச கல்லும் மிதிச்ச சைக்கிளும்

சுதந்திரத்துக்குப் பிறகு ஊர்ப் பொதுக்காரியத்தை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கணும்னு சர்க்காரே இறங்குச்சு. 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம். அதுலதான் கிராம சேவக் எல்லாம் வந்தாங்க. காந்தி நூற்றாண்டில, 1969இல், நாட்டு நலப்பணித் திட்டம். முதல்ல 37 பல்கலைக்கழகம், 40,000 மாணவர்கள். 1972இல் நேரு யுவகேந்திரா. இதுக்கெல்லாம் முந்தியே கட்சிக்காரங்க கீத்துக்கொட்டகையில படிப்பகம் வச்சு, பேப்பரை ஒருத்தன் சத்தமா வாசிக்க பத்துப் பேர் கேட்கிற பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தாங்க. டீக்கடையும் சலூனும்தான் இளவட்டங்களுக்குச் சட்டசபை.

நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்ப எங்க ஊருக்கும் கல்லூரிப் பசங்க பத்து நாள் முகாம் வந்தாங்க. பள்ளிக்கூடத்துல தங்கி, காலையில ரோட்டோரம் குழி வெட்டி மரக்கன்னு வச்சாங்க, பாதை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிச்சாங்க, ராத்திரி நாடகம் போட்டாங்க. நல்ல பசங்க. போறப்ப அழுதாங்க, நாங்களும் அழுதோம். அடுத்த கோடையில கன்னு ஒண்ணுகூட இல்ல. ஆடு தின்னது பாதி, தண்ணியில்லாம காஞ்சது மீதி. வெள்ளையடிச்ச கல்லு மட்டும் கொஞ்ச நாள் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. கன்னு வைக்கச் சொல்லிக்கொடுத்தவங்க, பக்கத்துல இருக்கிற ஊரணிக்கு ஏன் தண்ணி வரலன்னு கேட்கச் சொல்லிக்கொடுக்கல. அது அந்தப் பசங்க குத்தம் இல்ல. எங்களுக்கே அந்தக் கேள்வி வரலையே.

1991இல் அறிவொளி இயக்கம் வந்தது. அப்ப எனக்கு இருபது வயசு. ஓட்டுப்போடுற வயசை 21லேர்ந்து 18ஆக்கி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. எங்க மாவட்டத்துல ஊர் ஊரா தொண்டர்கள் கிளம்பினாங்க, நானும் ஒருத்தன். சம்பளம் கிடையாது. ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு பலகை, சுண்ணாம்புக்கட்டி. எங்க உட்கார வச்சு எழுத்துச் சொல்லித் தர்றதுங்கிறதுதான் முதல் பிரச்சினை. மேலத்தெரு மந்தையில நடத்தினா கீழத்தெரு வராது. கீழத்தெருவுல நடத்தினா மேலத்தெரு வராது. கடைசியில ரெண்டுக்கும் நடுவுல, ரோட்டோரத் தெருவிளக்குக்கு அடியில ஆரம்பிச்சேன். நெடுஞ்சாலைப் புறம்போக்கு! முதல் வாரம் நாலு பேர். ஒரு மாசத்துல இருபது பேரு. ரோடு யாருக்கும் சொந்தமில்லாததால எல்லாருக்கும் சொந்தமாச்சு.

அந்தச் சமயம்தான் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டது. ஆயிரக்கணக்கான பொம்பளைங்க, கல்லுடைக்கிறவங்க, களை எடுக்கிறவங்க, அங்கன்வாடி ஆயா எல்லாரும். நாடே பேசின விஷயம் அது. வெளியூர்க்காரங்க அதை சைக்கிள் கதையா எழுதினாங்க. உள்ளூர்ல இருந்து பார்த்த எனக்கு அது ரோட்டுக் கதை. அதுவரைக்கும் ஒரு பொண்ணு ரோட்டுல போறான்னா தலையில சுமை இருக்கும், இல்ல பக்கத்துல ஆம்பளை இருப்பான். அந்த வருஷம்தான் சும்மா, ஒரு வேலையும் இல்லாம, சாயங்காலம் வட்டமடிக்க ரோட்டுக்கு வந்தாங்க. பொது இடத்தைச் சரி பண்றதுன்னா சிமெண்டு, செங்கல்னு நினைச்சுக்கிட்டு இருந்த எனக்கு, யார் அங்க வந்து நிக்க முடியுதுங்கிறதுதான் முதல் ரிப்பேர்னு அப்பதான் உறைச்சது.

அப்புறம் 73ஆவது திருத்தம், 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். ஓட்டு இருக்கிற எல்லாரும் கிராமசபை உறுப்பினர். உத்திரமேரூர்ல 35 வயசும் கால் வேலி நிலமும் கேட்டாங்க. இப்ப 18 வயசு போதும். அந்த வித்தியாசத்துக்கு நடுவுல ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கிடக்கு. ஆனா நிஜத்தைச் சொல்லணும். ரொம்ப வருஷம் எங்க கிராமசபைங்கிறது ஒரு நோட்டும் நாலு கையெழுத்தும்தான். அந்த நாலுல ஒண்ணு என்னுது.

கஜாவுக்கு அப்புறம்

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தென்னை, பலா, மா எல்லாம் ஒரே ராத்திரியில சாஞ்சு போச்சு. வெளியூர்ல, சிங்கப்பூர்ல, வளைகுடாவுல இருந்த பசங்க எல்லாம் ஊருக்கு வந்தாங்க, இல்ல பணம் அனுப்பினாங்க. மரத்தை அறுத்து வழி விட்டு, சோறாக்கிப் போட்டு, கரண்டு கம்பம் தூக்கி நட்டு, ஒரு மாசம் ஒண்ணா வேலை பார்த்தாங்க. அந்தப் பழக்கம் விடல. தென்னை போச்சு, மறுபடி நட்டு எழணும்னா தண்ணி வேணும், தண்ணிக்குக் குளம் வேணும்னு பேச்சு வந்துச்சு. பேராவூரணி பெரியகுளத்தை 2019இல் இளைஞர்கள் முன்னின்னு தூர்வாரினது பேப்பர்லயெல்லாம் வந்துச்சே, அந்தச் சமயம்தான். அதுக்கு முந்தியே 2017இல் அரசாங்கமும் குடிமராமத்துங்கிற பழைய பேரையே வச்சு ஒரு திட்டம் ஆரம்பிச்சிருந்துச்சு.

எங்க ஊர்ப் பசங்களும் ஊரணியைத் தூர்வாரணும்னு கிளம்பினாங்க. எடுத்த எடுப்புல ஜேசிபி கொண்டுவரலாம்னுதான் பேச்சு. எங்க ஊர்ல பாலிடெக்னிக்ல சிவில் படிச்ச ஒரு தம்பியும், கீழத்தெருவுல பி.எஸ்சி. படிச்ச ஒரு பொண்ணும்தான் நிறுத்தினாங்க. "முதல்ல இது என்ன இடம்னு காகிதத்துல பார்ப்போம்"னாங்க.

அவங்க செஞ்சதை வரிசையா எழுதுறேன். பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் உதவும். முதல்ல கிராம வரைபடம். அதுல ஊரணியோட சர்வே நம்பர். அந்த நம்பரை வச்சு அ-பதிவேட்டுல வகைப்பாடும் பரப்பும். அப்புறம் புலப்படம், எஃப்.எம்.பி.னு சொல்றது. இதெல்லாம் இப்ப அரசு இணையதளத்துலயே எடுக்கலாம். கண்மாயா இருந்தா ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேலயா கீழயான்னு பார்க்கணும். மேலன்னா நீர்வளத் துறை (அப்ப அது பொதுப்பணித் துறையோட ஒரு பிரிவு), கீழன்னா ஊராட்சி ஒன்றியம். ஊரணி ஊராட்சிப் பொறுப்பு. யார் பொறுப்புன்னு தெரியாம மனு போட்டா அது ஆபீஸ் ஆபீஸா சுத்தும். 2019 ஜனவரி 26 கிராமசபையில தீர்மானம் போட்டாங்க. அப்ப ஊராட்சித் தலைவரே கிடையாது, தேர்தல் நடக்காம தனி அலுவலர் பொறுப்புல இருந்த காலம். நோட்டுல எழுதுற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்னு இருபது பிள்ளைங்க உட்கார்ந்திருந்தாங்க. நாலு கையெழுத்துக்குப் பதிலா அன்னிக்கு நூத்துச் சொச்சம் கையெழுத்து.

ரெண்டு சண்டை வந்துச்சு.

முதல் சண்டை படித்துறை. கீழத்தெருப் பசங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க: "வெட்டுறதுக்கு நாங்களும் வர்றோம், பணமும் போடுறோம். எங்க பக்கம் இறங்குறதுக்குப் படி எங்க?" மேலத்தெருவுல பெருசுங்க சிலபேர், "இருக்கிற படியில வந்து இறங்குங்களேன், யாரு தடுத்தா?"ன்னாங்க. யாரும் தடுக்கல, வாஸ்தவம். ஆனா அந்தப் படிக்கு வரணும்னா எங்க தெரு முழுக்க நடந்து, மந்தையைத் தாண்டித்தான் வரணும். அந்தக் கேள்வி முழுசா கேட்கப்பட்டதே அன்னிக்குத்தான். மூணு ராத்திரி பேச்சு. கடைசியில கீழ்க்கரையிலயும் படி கட்டுறதுன்னு முடிவாச்சு. முடிவு பண்ணது மந்தையில இல்ல. ரோட்டோரத்துல. நான் அறிவொளி நடத்தின அதே தெருவிளக்குப் பக்கம்.

ரெண்டாவது சண்டை என்னோட. இதுதான் நான் முதல்ல சொன்ன சொந்தக் கணக்கு.

ஊரணிக்குத் தண்ணி வர்ற வாரி என் வயல் ஓரமாத்தான் வருது. ஒரு சாயங்காலம் சங்கிலியோட வந்தாங்க. அந்தக் கால நில அளவைச் சங்கிலி 66 அடி, நூறு லிங்க். பழைய கணக்கு படிக்கிறதுக்கு இது தெரிஞ்சிருக்கணும். பொண்ணு படத்தைக் கையில வச்சுக்கிட்டு கிட்ட வந்துச்சு. "சித்தப்பா, வாரி 20 லிங்க் இருக்கணும். இங்க 5 அடிதான் இருக்கு. எதிர்ப்பக்கம் கல்லு சரியா நிக்குது." 20 லிங்க்னா 13 அடிக்கு மேல. மீதி 8 அடி என் வயலுக்குள்ள, 300 அடி நீளத்துக்கு. அஞ்சரை சென்ட்டுக்கு மேல வருது.

அந்தப் பொண்ணோட அப்பா என்னை ஐயான்னுதான் கூப்பிடுவார். அது என்னைச் சித்தப்பான்னு கூப்பிட்டதே எனக்குக் கொஞ்ச நேரம் காதுல நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் விஷயம் உள்ள இறங்குச்சு. கோவம் வந்துச்சு, மறைக்கல. "நான் எதையும் புடிக்கலம்மா, அப்பா காலத்துலேர்ந்து வரப்பு இங்கதான் இருக்கு"ன்னேன். அது உண்மையும்தான். அப்பா வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி அகலம் வரப்பைத் தள்ளிப் போட்டிருப்பார். நானும் வரப்பு வைக்கிறப்ப ரெண்டு கொத்து அந்தப் பக்கம் போட்டிருப்பேன். தெரிஞ்சு செஞ்சதான்னா, தெரிஞ்சுக்க வேண்டாம்னு செஞ்சது. ஊரணி வத்திப் போச்சு, மழை முன்ன மாதிரி இல்லன்னு இத்தனை வருஷம் இங்கயே எழுதினவன் நான்தான். மழை பெஞ்ச தண்ணி என் வரப்புல முட்டி நின்னதை எழுதினதில்ல.

ஆக்கிரமிப்பை அகத்த 2007இல் தமிழ்நாட்டுல தனிச் சட்டமே இருக்கு. 2011 ஜனவரியில உச்ச நீதிமன்றம் பஞ்சாப் கிராமம் ஒண்ணோட குளத்து வழக்குல, ஊர்ப்பொது நிலத்தை யார் புடிச்சிருந்தாலும் மீட்கணும்னு எல்லா மாநிலத்துக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கு. அந்தப் பிள்ளைங்க அதையெல்லாம் சொல்லி என்னை மிரட்டல. படத்தைக் கையில கொடுத்துட்டு, "நீங்களே அளந்து பாருங்க"ன்னு போயிட்டாங்க. ராத்திரி சாப்பிடுறப்ப வீட்டுக்காரம்மா கேட்டாங்க, "அந்த அஞ்சு சென்ட்டுல எத்தனை மூட்டை நெல்லு வந்துச்சு இதுவரைக்கும்?" பதில் சொல்லல. மறுநாள் காலையில நானே மண்வெட்டி எடுத்து வரப்பைக் கலைச்சேன். தம்பி வந்து கல்லு நட்டான். அக்கம்பக்கத்துல இன்னும் மூணு பேர் வரப்பும் அடுத்த வாரத்துல நகர்ந்துச்சு.

சித்திரை, வைகாசியில வேலை நடந்துச்சு. சீமைக்கருவேலை வேரோட எடுத்து, வண்டல் வெட்டி, வாரியை முழுசாத் திறந்து விட்டாங்க. ஐப்பசி மழையில மூணாவது நாள் ராத்திரி தண்ணி வந்துச்சு. டார்ச் அடிச்சுக்கிட்டு ஊரே கரையில நின்னு பார்த்தோம். கீழ்க்கரைப் படியில அந்தப் பொண்ணோட பாட்டி காலை நனைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. எங்க அம்மா மொண்டு ஊத்த, குடத்தை ஏந்திக்கிட்டு நின்னவங்கள்ல அவங்களும் ஒருத்தர். அம்மா அதைப் பார்க்க இல்ல.

உங்க ஊர்லயும் இருக்கு

எல்லாம் சரியாயிடுச்சுன்னு முடிக்க ஆசைதான். ஆனா 2022 டிசம்பர்ல எங்க மாவட்டத்துல வேங்கைவயல்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கிற தண்ணித் தொட்டியில மலம் கிடந்துச்சு. யார் செஞ்சதுங்கிற வழக்கு ஒருபக்கம் இருக்கட்டும். அதை விசாரிக்கப் போன அதிகாரிகள் கண்ணுல அந்தப் பகுதி டீக்கடையில இரட்டை டம்ளரும் பட்டுச்சு, கோயிலுக்குள்ள விடாததும் தெரிஞ்சுச்சு. 1924 தீர்மானத்துக்கு நூறு வருஷம் ஆகப்போற சமயம் அது. எங்க ஊர்லயும் ரெண்டு படித்துறை இருக்கு, தண்ணி ஒண்ணுதான். ஆனா ரெண்டு தெருவும் ஒரே படியில இறங்குற நாள் இன்னும் வரல. அதையும் மறைக்கக் கூடாது.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். உங்க தெருவுல பிள்ளைங்க சுவத்துல படம் வரையுறாங்க, பார்க் சுத்தம் பண்றாங்க, கன்னு நடுறாங்க. நல்ல காரியம், செய்யட்டும். அதோட அந்த இடத்தோட காகிதத்தையும் அவங்க கையில கொடுங்க. பெரிய மனைப்பிரிவு போடுறப்ப 10 சதவீதம் நிலத்தைப் பொதுவுக்கு ஒதுக்கணும்னு விதி இருக்கு. உங்க நகர்ல அந்த 10 சதவீதம் எங்கன்னு வரைபடத்துல தேடச் சொல்லுங்க. முன்னாடி அது ஏரியா, வாய்க்காலா, மேய்ச்சல் தரையான்னு பழைய ஆளுங்ககிட்ட கேட்கச் சொல்லுங்க. இப்ப அந்த பார்க் பெஞ்சுல யாரெல்லாம் வந்து உட்கார முடியுது, வாட்ச்மேன் யாரை எழுப்பி விடுறார்னும் பார்க்கச் சொல்லுங்க. தேடிப் போறப்ப சிலசமயம் கல்லு நம்ம வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளயே விழும். அப்ப பிள்ளைங்களைத் திட்டாதீங்க.

அண்ணன் மகன் பையனுக்கு இவ்வளவும் சொல்லல. அவன் ஊரணியில குளிச்சதுக்கு என் அஞ்சரை சென்ட்டும் ஒரு காரணம்னு மட்டும் சொன்னேன். இந்த லீவுக்கு வந்தா அந்தக் கல்லைக் காட்டச் சொல்லியிருக்கான். கல்லைச் சுத்திப் புல்லு மண்டிக் கிடக்கு. அவன் வர்றதுக்குள்ள செதுக்கி வைக்கணும்.